மறுக்கப்பட்டது வாசகமா, ஆளா?

2012-ஆம் ஆண்டு கோடையில், அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லேக்வுட் நகரில், திருமணம் செய்துகொள்ளவிருந்த இரண்டு ஆண்கள் கேக் சொல்வதற்காக ஒரு பேக்கரிக்குச் சென்றார்கள். அவர்களில் ஒருவரின் தாயாரும் உடன் சென்றிருந்தார். பிறந்தநாள் கேக் வேண்டுமானால் செய்து தருவதாகவும், ஒருபால் திருமணத்துக்கு மட்டும் கேக் செய்வதில்லை என்றும் கடைக்காரர் சொல்லிவிட்டார். கேக் எப்படி இருக்க வேண்டும், அதில் ஏதாவது எழுத வேண்டுமா என்ற பேச்சே எழவில்லை. மறுநாள் அந்தத் தாயார் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, ஏன் மறுத்தீர்கள் என்று கேட்டார். இந்தச் சம்பவத்திலிருந்து எழுந்த, அந்தக் கடையின் பெயரைத் தாங்கிய மாஸ்டர்பீஸ் கேக்ஷாப் வழக்கின் தீர்ப்பை எத்தனை முறை வாசித்தாலும், என் மனம் அந்தத் தொலைபேசி அழைப்பிலேயே நின்றுவிடுகிறது.

2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற பெரும்பான்மையில் கடைக்காரருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் அவர் மறுத்தது சரி என்று அது சொல்லவில்லை. அந்த இருவரின் புகாரை விசாரித்த மாநில ஆணையத்தின் உறுப்பினர்கள் அவருடைய மத நம்பிக்கையை இழிவாகப் பேசியதையே முதன்மைக் குறையாகக் கண்டது. அந்தக் கண்டிப்பு நியாயமானது என்றே கருதுகிறேன். ஒருவரின் நம்பிக்கையை ஏளனம் செய்துகொண்டே அவருடைய வழக்கைத் தீர்க்கும் உரிமை எந்த அரசு அமைப்புக்கும் இல்லை. எனினும் தாயார் கேட்ட கேள்விக்கு அத்தீர்ப்பில் விடை இல்லை.

அந்த விடைக்கு அருகில் வருவது, அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஆஷர்ஸ் பேக்கரி தீர்ப்பு. பெல்ஃபாஸ்டில் ஒரு வாடிக்கையாளர், ஒருபால் திருமணத்தை ஆதரிக்கக் கோரும் வாசகத்துடன் ஒரு கேக் கேட்டு, 36.50 பவுண்டு கட்டினார். முதலில் ஏற்ற கடை, பிறகு அவரை அழைத்து மறுத்துப் பணத்தைத் திருப்பித் தந்தது. அந்த வாசகத்தை யார் கேட்டிருந்தாலும் கடை மறுத்திருக்கும் என்பதால், மறுக்கப்பட்டது வாசகமே தவிர மனிதர் அல்ல என்று 5 நீதிபதிகளும் ஒருமனதாகக் கூறினர். எனக்கு இதுவே சரியான உரைகல்லாகத் தோன்றுகிறது. லேக்வுட்டில் எந்த வாசகமும் கேட்கப்படவில்லை. ஓர் ஆணும் பெண்ணும் வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய கேக், இந்த இருவருக்குக் கிடைக்கவில்லை.

நம்பிக்கை உண்மையானது என்பதாலேயே சட்டம் விலகிக்கொள்ள வேண்டுமா? தென் கரோலினாவில் ஓர் உணவகச் சங்கிலியின் உரிமையாளர், கறுப்பின மக்களுக்கு உணவு பரிமாறக் கட்டாயப்படுத்துவது தம் மதச் சுதந்திரத்துக்கு எதிரானது என்று வாதிட்டார்; 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அதை ஓர் அடிக்குறிப்பிலேயே தள்ளுபடி செய்தது. இனவெறியையும் திருமணம் பற்றிய மத நம்பிக்கையையும் ஒரே தட்டில் வைக்கலாகாது என்பவர்களின் ஆதங்கம் எனக்குப் புரிகிறது. ஆனால் வாசலில் திருப்பி அனுப்பப்படுபவரின் இடத்திலிருந்து பார்த்தால், அந்த வேறுபாடு எதையும் குறைப்பதில்லை.

ஒருபால் திருமணங்களுக்கு இணையதளம் செய்ய விரும்பாத ஒரு வடிவமைப்பாளரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2023-இல் வழங்கிய 303 கிரியேட்டிவ் தீர்ப்பு, 6-க்கு 3 என்ற கணக்கில், பேச்சுரிமையின் வழியாகச் சென்றது: திருமண இணையதளம் வடிவமைப்பது கருத்து வெளிப்பாடு, அதை அரசு கட்டாயப்படுத்த முடியாது என்றது. அப்படியானால் புகைப்படக்காரர்? பூ அலங்காரம் செய்பவர்? எல்லைக்கோடு எங்கே என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கவில்லை. அந்த வடிவமைப்பாளர், திருமண இணையதளத் தொழிலைத் தொடங்குவதற்கு முன்பே நீதிமன்றம் சென்றவர். அதனால் நீதிபதிகளின் முன்னே திருப்பி அனுப்பப்பட்ட ஒரு ஜோடி இல்லை, மறுநாள் காரணம் கேட்டு அழைத்த ஒரு தாயும் இல்லை.