கானாவாழை இலைத்தோலில் அப்சிசிக் அமிலம்: இதுவரை பார்த்தது

இலைத்துளை திறந்து மூடுவதை வீட்டு நுண்ணோக்கியில் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது கானாவாழைதான். வயல் வரப்பில் களையாக மண்டிக் கிடக்கும். இலையின் அடிப்பக்கத்தில் லேசாகக் கீறி இடுக்கியால் இழுத்தால் மெல்லிய தோல் அழகாக உரிந்து வருகிறது.

உரித்த தோலை பொட்டாசியம் குளோரைடு கரைசலில் (லிட்டருக்குச் சுமார் 3.7 கிராம், pH 6 அளவில்) மிதக்கவிட்டு, எல்.இ.டி. விளக்கின் கீழ் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தேன். வெளிச்சம் பட்டதும், துளையின் இரு பக்கமும் இருக்கும் காப்புச் செல்கள் புரோட்டான்களை வெளியே தள்ள, பொட்டாசியம் உள்ளே வருகிறது, பின்னாலேயே தண்ணீரும். 400 மடங்கில் பார்த்தால் இரண்டு செல்களும் உப்பி வில்லாக வளைந்து, நடுவில் துளை நன்றாகத் திறந்திருந்தது.

அப்புறம் தோலை இரண்டு கிண்ணமாகப் பிரித்தேன். ஒன்றில் வறட்சியின்போது செடி தானே சுரக்கும் ஹார்மோனான அப்சிசிக் அமிலம், 10 மைக்ரோமோலார் அளவில், அதாவது லிட்டருக்கு 2.6 மில்லிகிராம்தான். அவ்வளவு சின்ன அளவை வீட்டுத் தராசில் நிறுக்க முடியாது, அதனால் முதலில் எத்தனாலில் அடர்த்தியாகக் கரைத்துக்கொண்டு பிறகு நீர்த்துக்கொள்ள வேண்டும். மற்ற கிண்ணத்திலும் அதே அளவு எத்தனாலை மட்டும் விடுவது ரொம்ப முக்கியம். இல்லாவிட்டால் மூடியது ஹார்மோனாலா எத்தனாலாலா என்று சொல்லவே முடியாது.

அரை மணி நேரத்தில் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. எத்தனால் மட்டும் விட்ட தோலில் துளைகள் திறந்தே இருக்க, ஹார்மோன் பட்ட தோலில் பெரும்பாலானவை வெறும் கோடாகச் சுருங்கிவிட்டன, அதுவும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்போதே! எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது இதுதான்: இங்கே வேர் இல்லை, நரம்பு இல்லை, இலையின் உட்சதை இல்லை, ஆனாலும் மூடுகிறது. வறட்சிச் செய்தி வந்து சேர்ந்தால் போதும், மற்றதைக் காப்புச் செல் தானே பார்த்துக்கொள்கிறது.

அந்தச் செய்தியை வாங்கும் ஏற்பிப் புரதங்கள் 2009-இல்தான் கண்டுபிடிக்கப்பட்டன. ஹார்மோன் ஒட்டியதும் அவை ஒரு பாஸ்ஃபட்டேஸ் நொதியை (மற்ற புரதங்களிலிருந்து பாஸ்பேட்டைக் கழற்றுவது) பிடித்து அடக்குகின்றன. அதுவரை அந்த நொதி அமுக்கி வைத்திருந்த கைனேஸ் (பாஸ்பேட்டை ஒட்டும் நொதி) விடுபட்டு, செல் சவ்வில் எதிர்மின் அயனிகள் வெளியேறும் வாயிலைத் திறந்துவிடுகிறது. குளோரைடு வெளியேறும், அதைத் தொடர்ந்து பொட்டாசியமும், கடைசியில் தண்ணீரும். செல் தளர்ந்ததும் துளை மூடிக்கொள்கிறது.

அடுத்து அமிலத்துக்குப் பதில் கால்சியம் குளோரைடு விட்டுப் பார்க்கப் போகிறேன், அதுவும் துளையை மூடவைக்கும். இந்த முறை கண்ணருகு வில்லையில் அளவுகோல் பொருத்தி, துளையின் அகலத்தை அளந்தே எழுதுகிறேன்.