பாலாற்று மணலோடு வயலூர் வரை

வேலூரில் இருந்து காட்பாடி போகிற பாலத்தில் பஸ் ஏறியதும் யாராவது ஒருவர் எட்டிப் பார்த்து, “தண்ணியே இல்லப்பா” என்று சொல்லாமல் இருக்க மாட்டார். மணலைப் பற்றி யாரும் கவலைப்பட்டுப் பார்த்ததில்லை. அதைப் பார்க்கத்தான் நானும் மச்சானும் பைக்கை எடுத்துக்கொண்டு கிழக்கே கிளம்பினோம், ஆறு கடலில் சேரும் வயலூர் வரைக்கும். நந்தி மலையில் பிறந்து 348 கி.மீ. ஓடும் பாலாற்றில் 222 கி.மீ. தமிழ்நாட்டில்தான் இருக்கிறது.

திருவலத்தில் டீ. அங்கேதான் பொன்னையாற்று ரயில் பாலத்தின் தூணில் 2021 டிசம்பரில் விரிசல் விழுந்து சென்னை ரயில்கள் நின்றன. அதற்கு முந்தைய மாதம் பாலாற்றிலும் வாலாஜா அணைக்கட்டைத் தாண்டி நொடிக்கு 1 லட்சம் கன அடிக்கு மேல் போனது. ஊரே பாலத்தில் நின்று செல்ஃபி எடுத்தது, அப்புறம் வழக்கம்போல “எல்லாம் வீணா கடலுக்குப் போகுதே” என்ற புலம்பல். இந்தப் புலம்பல்தான் எனக்கு உறுத்துகிறது. மணல் நகர்வதே இப்படிப்பட்ட வெள்ளத்தில்தான். மற்ற நாளில் எல்லாம் அது படுத்தே கிடக்கும், இல்லையென்றால் டிராக்டரில் ஏறிவிடும்.

அணைக்கட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர், “அப்பல்லாம் முழங்கை ஆழம் நோண்டினா ஊத்து வந்துடும் நைனா, இப்ப போர் போட்டாலும் புகைதான் வருது” என்றார். 1850களில் கட்டிய அணைக்கட்டு இது. காவேரிப்பாக்கம் ஏரிக்குத் தண்ணீர் இங்கிருந்துதான் போகிறது.

சரி, மணல் கடலுக்குப் போனால் யாருக்கு என்ன லாபம்? டெல்டா என்பதே ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டலும் மணலும்தான். அந்த மண் தன் எடையாலேயே இறுகி வருஷா வருஷம் கொஞ்சம் அமுங்கும், புது வண்டல் வந்து மேலே படிந்தால் ஈடுகட்டும். வராவிட்டால் நிலம் தாழ்ந்துகொண்டே போகும். கடலோ உலகச் சராசரியில் 1901 முதல் 2018க்குள் சுமார் 20 செ.மீ. ஏறிவிட்டது, அதில் கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் ஆண்டுக்கு 3.7 மி.மீ. வேகத்தில். காவிரியின் வண்டலை 1934 முதல் மேட்டூர் பிடித்து வைத்திருக்கிறது. மிசிசிப்பி ஆறு கடலில் சேரும் அமெரிக்காவின் லூசியானாவில் 1930களில் இருந்து சுமார் 5,000 சதுர கி.மீ. நிலம் கடலுக்குள் போயிருக்கிறது. மிசிசிப்பி வண்டலைச் சதுப்பு நிலத்துக்குத் திருப்பிவிட சுமார் 300 கோடி டாலரில் 2023ல் தொடங்கிய திட்டத்தை 2025ல் கைவிட்டுவிட்டார்கள். போன மண்ணைத் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு செலவு.

பாலாற்றுக்குத் தஞ்சாவூர் மாதிரி டெல்டா கிடையாது, தெரியும். ஆனால் நம் கிழக்குக் கடற்கரையில் அலை வருஷத்தின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்காகத் தள்ளிக்கொண்டு போகிறது. சென்னைத் துறைமுகம் குறுக்கே வந்ததும் தெற்கே மெரினா அகலமானதும் வடக்கே ராயபுரம் கரை அரித்ததும் இதனால்தான். அப்படியிருக்க, வேலூரில் லாரி ஏறும் ஒவ்வொரு யூனிட்டும் ஏதோ ஒரு மீனவக் குப்பத்தின் கரையில் குறைகிறது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு எல்லாம் வெயிலில் ஒரே ஓட்டம். சொல்ல ஒன்றுமில்லை, சீமைக்கருவேலம்தான்.

வயலூரில் 2019ல் கட்டிய தடுப்பணை இருக்கிறது. உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்கிறது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தடுப்பணை எங்கே கட்டினாலும் பின்னால் மணல் தேங்கும். பழைய அணைக்கட்டுகளில் மணல்போக்கி என்றே தனி மதகு வைத்தார்கள், வெள்ளத்தில் அதைத் திறந்தால் அடியில் கிடப்பது அடித்துக்கொண்டு போகும். சீனாவில் மஞ்சளாற்றின் சியாவ்லாங்டி அணையில் 2002 முதல் தண்ணீரை மொத்தமாகத் திறந்து வண்டலைக் கடலுக்குத் தள்ளுகிறார்கள். இங்கே தடுப்பணைத் திட்டம் என்றால் எத்தனை மில்லியன் கன அடி தேங்கும் என்று மட்டும்தான் பேச்சு. எவ்வளவு மணல் கீழே போகும் என்றும் ஒரு வரி சேர்த்து எழுதலாமே என்றேன்.

“எழுதினா அதுக்கும் டெண்டர் விட்டுடுவாங்க மாமா” என்றான் மச்சான்.