35-க்கு மேல் எழுதக் கூடாது

2019 டிசம்பரில் அந்த மின்னஞ்சல் வந்தது. அனுப்பியது வேறொரு மாநிலத்து இணைய இதழ். அதற்குத் தோட்டம், வீட்டுப் பராமரிப்பு என்று வாரம் ஒரு கட்டுரை, இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். ஜனவரியிலிருந்து கலிபோர்னியாக்காரர்களிடம் கட்டுரை வாங்கப்போவதில்லையாம். அவ்வளவுதான் விஷயம். கலிபோர்னியாவின் பே ஏரியாவில் குடியிருப்பது எப்போது குற்றமானது என்று முழித்தேன்.

காரணம், கலிபோர்னியாவின் ஏபி 5 சட்டம். ஊபர், லிஃப்ட் ஓட்டுநர்களுக்காக வந்தது என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வேலை செய்பவர் ஊழியர் இல்லை, தனியாகத் தொழில் செய்பவர் என்று காட்ட மூன்று நிபந்தனைகள் உண்டு; காட்ட முடியாவிட்டால் ஊழியராகத்தான் நடத்த வேண்டும். எங்களுக்கு வினையானது இரண்டாவது: செய்கிற வேலை அந்த நிறுவனத்தின் வழக்கமான தொழிலுக்கு வெளியே இருக்க வேண்டும். பத்திரிகை ஆபீஸில் குழாய் ரிப்பேர் செய்பவர் தப்பிவிடுவார். அதற்குக் கட்டுரை எழுதுகிறவள் எப்படித் தப்புவது? எழுத்தாளர்களுக்கு என்று ஒரு சலுகை இருந்தது. ஒரு நிறுவனத்துக்கு வருடத்தில் 35 படைப்புகள் வரை தரலாம். வாரம் ஒன்று என்றால் ஆகஸ்டோடு கணக்கு தீர்ந்தது. என்னை ஊழியராக்கியிருக்கலாம்தான். பக்கத்து மாநிலத்தில் ஆள் கிடைக்கும்போது அந்தச் செலவை யார் இழுத்துப் போட்டுக்கொள்வார்கள்? அதே மாதம் வாக்ஸ் மீடியா என்ற ஊடக நிறுவனமும் கலிபோர்னியாவில் சுமார் 200 பேரின் ஒப்பந்தங்களை முடிப்பதாக அறிவித்திருந்தது. அதில் ஓர் அற்ப ஆறுதல்.

2020-இல் கடைகளுக்கு விளம்பர வாசகம் எழுதிக் காலம் தள்ளினேன். மார்க்கெட்டிங் வேலைக்கு 35 என்ற வரம்பு கிடையாது. துளசிச் செடி பற்றி எழுதினால் சிக்கல், துளசி சோப்பு பற்றி எழுதினால் சிக்கல் இல்லை!

அந்த வருடம் செப்டம்பர் 4 அன்று, ஏபி 5-ஐத் திருத்தும் ஏபி 2257 சட்டம் கையெழுத்தாகி உடனே அமலுக்கு வந்தது. 35 போனது, நிபந்தனைகள் வந்தன. எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும். அதில் கூலி, எந்தத் தேதிக்குள் பணம், படைப்பு உரிமை யாருக்கு என்பதெல்லாம் இருக்க வேண்டும். ஏற்கெனவே இருந்த ஊழியரின் இடத்தில் என்னை வைக்கக் கூடாது. மற்றவர்களுக்கு எழுதாதே என்று தடுக்கவும் கூடாது. ஆறு மாதத்துக்குப் பிறகு, வேலை செய்கிற ஊர் தொழில் உரிமம் கேட்டால் அதுவும் கட்டாயம்.

எல்எல்சி, அதாவது என் பெயரில் ஒரு சிறு நிறுவனம், தொடங்கச் சொன்னார் ஒரு நண்பர். வருமானம் வந்தாலும் வராவிட்டாலும் மாநிலத்துக்கு வருடம் 800 டாலர் கட்ட வேண்டும் என்றதும் அந்த யோசனையை விட்டேன். சொந்தப் பெயரிலேயே நகர நிர்வாகத்தில் உரிமத்துக்கு விண்ணப்பித்தேன். வாடிக்கையாளர் வீட்டுக்கு வருவார்களா, வாசலில் பலகை மாட்டுவீர்களா, சரக்கு எங்கே வைப்பீர்கள் என்று கேள்விகள். கடைசிக் கேள்விக்குத் தலையைத் தொட்டுக் காட்டலாம் என்று தோன்றியது. "இல்லை" என்று நிரப்பினேன்.

உரிமத்தின் நகலோடு பழைய எடிட்டருக்கு எழுதினேன். மூன்று வாரம் சத்தமில்லை. அப்புறம் ஒப்பந்தம் வந்தது. "பிரசுரமான பின் பணம்" என்றிருந்ததை "கட்டுரை தந்த 30 நாளுக்குள்" என்று மாற்றச் சொன்னேன். பழைய நானாக இருந்தால் வாயைத் திறந்திருக்க மாட்டேன். அவர் மறுபேச்சில்லாமல் மாற்றிக் கொடுத்தார். கூலியை மட்டும் ஏற்றவில்லை.