தப்பு தூணில் இல்லை, குறியில்

மூன்று நாள் ஒரு தூணோடு மல்லுக்கட்டினேன். 400-க்கு 400 மி.மீ. காங்கிரீட் தூண், எட்டு 20 மி.மீ. கம்பி, வருவது 600 கிலோநியூட்டன் அமுக்கமும் 100 கிலோநியூட்டன்-மீட்டர் மொமென்ட்டும், அதாவது தூணை வளைக்கப் பார்க்கும் திருப்பமும்தான். அலட்டிக்கொள்ளாமல் தாங்க வேண்டிய தூண், கட்டிட டிசைன் சாஃப்ட்வேரில் சிவப்பாக, அதாவது தாங்காது என்று, நின்றது. நானும் நல்ல பிள்ளையாக 450 ஆக்கினேன், அப்புறம் கம்பியைக் கூட்டினேன், கடைசியில்தான் நான் கையால் தட்டிப்போட்ட இன்டராக்ஷன் சர்ஃபேஸை, அதாவது தூண் எவ்வளவு தாங்கும் என்ற எல்லைக் கூட்டை, திறந்து பார்க்கத் தோன்றியது. அமுக்கம் இருக்க வேண்டிய பக்கம் இழுவை, இழுவை இருக்க வேண்டிய பக்கம் அமுக்கம். நான் வைத்திருந்த ஸ்ப்ரெட்ஷீட்டில் அமுக்கம் பாசிட்டிவ், சாஃப்ட்வேருக்கு அது நெகட்டிவ். அவ்வளவுதான் விஷயம்.

தூணுக்கு அச்சுச் சுமைக்கு ஒரு எல்லை, மொமென்ட்டுக்கு ஒரு எல்லை என்று தனித்தனியாகக் கிடையாது, ஒன்று மாறினால் மற்றதும் மாறும். அச்சுச் சுமை ஓர் அச்சிலும் இரண்டு திசை மொமென்ட்டுகள் மற்ற இரண்டிலுமாக அந்த எல்லையை வரைந்தால், ஆணி மேலே வரும்படி கவிழ்த்துவைத்த பம்பரம் மாதிரி ஒரு கூடு கிடைக்கும். மேல் முனை வெறும் அமுக்கம், கீழ் முனை வெறும் இழுவை. என் தூணுக்குக் காங்கிரீட் 30 மெகாபாஸ்கல், கம்பி 420 என்று வைத்து, பாதுகாப்புக் குறைப்பு (பாதுகாப்புக்காகப் பலத்தைக் குறைத்துக் கணக்கிடுவது) எதுவும் இல்லாமல் போட்டால், மேல் முனை சுமார் 5070 கிலோநியூட்டன், கீழ் முனை 1055. கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வித்தியாசம். குறி மாறினால் பம்பரமே நிமிர்ந்துவிடும். 600 அமுக்கத்தில் உண்மையில் 240 மொமென்ட் தாங்கும் தூணை, 600 இழுவையில் இருப்பதாக நினைத்து வெறும் 78-தான் தாங்கும் என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. 100 வந்தால் சிவப்பு காட்டாமல் என்ன செய்யும்?

பம்பரத்தின் வயிறுதான் எனக்குப் பிடித்த இடம். வெளி ஓரக் காங்கிரீட் நசுங்கும் அதே கணத்தில் எதிர்ப்பக்கக் கம்பியும் இழுவையில் ஈல்ட் ஆகும் (நிரந்தரமாக நீளத் தொடங்கும்) புள்ளி அது. இந்தத் தூணுக்கு அது 1680 கிலோநியூட்டனில் வருகிறது, அங்கே மொமென்ட் 306. அச்சுச் சுமையே இல்லையென்றால் மொமென்ட் 166-க்கு இறங்கிவிடுகிறது. அதாவது 200 மொமென்ட் வரும் தூண், தலையில் 1680 இருந்தால் நிம்மதியாக நிற்கும், அந்தச் சுமையை எடுத்துவிட்டால் போய்விடும்! சுமை குறைந்தால் தூண் சுகமாக இருக்கும் என்று நினைத்து, அதிகபட்ச அச்சுச் சுமை வரும் காம்பினேஷனை (சுமைகள் சேரும் விதத்தை) மட்டும் பார்ப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். குறைந்தபட்ச அச்சுச் சுமையோடு காற்றோ நிலநடுக்கமோ சேரும் காம்பினேஷனை முதலில் பாருங்கள்.

சரி, புள்ளிகளைக் கொடுப்பதற்கு வருவோம். சாப்2000 என்ற சாஃப்ட்வேரில் ஹிஞ்சுக்காக, அதாவது தூண் ஈல்ட் ஆகி மடங்கும் இடத்துக்காக, நீங்களே சர்ஃபேஸ் கொடுத்தால், ஒவ்வொரு வளைவும் (ஒரு திசை மொமென்ட்டுக்குக் கூட்டின் விளிம்புக் கோடு) அதிகபட்ச அமுக்கத்தில் தொடங்கி அதிகபட்ச இழுவையில் முடிய வேண்டும், எல்லா வளைவுக்கும் முதல் புள்ளியும் கடைசிப் புள்ளியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். கூட்டில் எங்கேயும் பள்ளம் விழக்கூடாது. விழுந்தால் அந்தப் புள்ளியை அது தானே வெளியே தள்ளி நிரவிவிட்டு ஓர் எச்சரிக்கை போடும், அதாவது உங்கள் தூணுக்கு நீங்கள் கொடுக்காத பலம் கொஞ்சம் கூடிவிடும். அந்த எச்சரிக்கையை யார் படிக்கிறோம்.

இரண்டு முதன்மைத் திசைகளுக்கு மட்டும் வளைவு கொடுத்து நடுவில் நேர்கோடாக விட்டால், 45 டிகிரியில் ஒவ்வொரு மொமென்ட்டும் பாதிதான் கிடைக்கும். உண்மைக் கூடு அங்கே வெளியே உப்பியிருக்கும், ஆகவே ஆபத்தில்லை, வீண் செலவுதான். ஈடாப்ஸ் என்ற இன்னொரு சாஃப்ட்வேரின் தூண் டிசைனில் இயல்பாகவே 24 வளைவு, வளைவுக்கு 11 புள்ளி.

பாதுகாப்புக் குறைப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நிதானம் வேண்டும். ஏசிஐ (அமெரிக்கக் காங்கிரீட் விதி) முறைப்படி 0.65, 0.9 என்று குறைத்த கூடு டிசைன் சரிபார்ப்புக்கு. புஷ்ஓவருக்கான, அதாவது கட்டிடத்தைப் பக்கவாட்டில் படிப்படியாகத் தள்ளிப் பார்க்கும் கணக்குக்கான, ஹிஞ்சில் அதையே போட்டால், தூண் சீக்கிரமே வளைந்துகொடுத்து, அதற்கு வரும் ஷியர் (குறுக்கு விசை) குறைவாகத் தெரியும். பாதுகாப்பு என்று நினைத்துச் செய்தது அங்கே நேர் எதிராகப் போய் முடியும்.

இப்போதெல்லாம் புதிய சர்ஃபேஸ் கொடுத்தவுடன் ஒற்றைத் தூண் மாடல் ஒன்று போட்டு, வெறும் இழுவை கொடுத்துப் பார்க்கிறேன். கம்பிப் பரப்பை ஈல்ட் பலத்தால் பெருக்கினால் வரும் எண்ணில், என் தூணுக்கு 1055-இல், அது விட்டுக்கொடுக்க வேண்டும். அதற்கு மேலும் நின்றால் குறியைப் பார், ஆயிரம் மடங்கு தள்ளி நின்றால் யூனிட்டைப் பார்.

குறியைத் திருப்பியதும் தூண்களைத் திரும்ப 400 ஆக்கியாயிற்று. ஆனால் மூலையில் ஒரு தூண், 300 இழுவையும் 140 மொமென்ட்டும் வருவது, அந்த மூன்று நாளும் பச்சையாகவே இருந்தது. தப்பான கூட்டில் அதற்கு 200-க்கு மேல் பலம், சரியான கூட்டில் 122. இப்போது அதற்குத்தான் கம்பி கூட்டிக்கொண்டிருக்கிறேன்.