டயல்-அப் அறுந்துகொண்டே இருக்கிறதா? முதலில் எக்ஸிட் கோட் 16-ஆ, 15-ஆ என்று பாருங்கள்

ஒருவழியாக நேற்றிரவு இணைப்பு நாலு மணி நேரம் அறுபடாமல் நின்றது. அதற்கு முன்னால் பத்து நிமிடம், இருபத்திரண்டு நிமிடம், மூன்றே நிமிடம் என்று இஷ்டத்துக்கு அறுந்தது. வீணாய்ப் போன நேரத்தில் முக்கால்வாசி, வெட்டியது யார் என்று பார்க்காமலே ஏடி கட்டளைகளை (மோடத்துக்குக் கொடுக்கும் உத்தரவுகள்) மாற்றி மாற்றிப் போட்டதில்தான் போனது. லினக்ஸ் மடிக்கணினியில் மோடத்தைக் கண்டுபிடிப்பதும், டயல் செய்யும் நிரலான டபிள்யூவிடயலை அமைப்பதும், முதல் தடவை இணைவதும் எந்தத் தகராறும் இல்லாமல் முடிந்தன. அதனால் நேரே அறுபடும் விஷயத்துக்கு வருகிறேன்.

அறுந்த கையோடு மறுபடி டயல் செய்யாதீர்கள். டபிள்யூவிடயல் கடைசியாகக் காட்டும் வரியில் 'எக்ஸிட் கோட்' என்று ஓர் எண் இருக்கும். இணைப்பை நடத்தும் பின்னணி நிரலான பிபிபிடி சாகும்போது விட்டுப்போகும் எண் அது. 16 என்றால் மோடம் லைனை விட்டுவிட்டது. 15 என்றால் 'இருக்கிறாயா' என்று கேட்கும் எக்கோவுக்கு எதிர்முனை பதில் சொல்லவில்லை என்று பிபிபிடியே முடிவுகட்டி வெட்டியது. அந்த நேரத்தில் லைன் உயிரோடுகூட இருந்திருக்கலாம். 12 என்றால் ஐடில் நேரம், அதாவது சும்மா இருக்க அனுமதித்த நேரம், தீர்ந்தது. 5 என்றால் நம் கணினியிலேயே ஏதோ ஒன்று சிக்னல் அனுப்பி நிறுத்தியிருக்கிறது. நாலும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும், ஆனால் மருந்து வேறு வேறு.

எண்ணோடு நிறுத்தாமல் லாகில் (நிகழ்வுப் பதிவில்) அதற்கு மேலே உள்ள வரிகளையும் படியுங்கள். 16-க்கு முன்னால் 'எல்சிபி டெர்மினேட்டட் பை பியர்' என்று இருந்தால் வெட்டியது எதிர்முனை. நம் மோடத்தை எவ்வளவு திருகினாலும் அது மாறாது. 'கனெக்ட் டைம்' என்று ஒரு வரியும் வரும். ஐந்தாறு அறுபடல்களின் நிமிடங்களைத் தாளில் வரிசையாக எழுதிப் பாருங்கள். எல்லாம் ஒரே அளவென்றால் ஏதோ ஒரு டைமர்தான் காரணம்: சேவை நிறுவனத்தின் நேர வரம்பு, பிபிபிடியின் 'ஐடில்', அல்லது சில மோடங்களில் சும்மா இருந்தால் வெட்டும் எஸ்30 என்ற மோடம் அமைப்பு. தாறுமாறாக இருந்தால் லைனைச் சந்தேகப்படுங்கள். லாகில் இதெல்லாம் வரவில்லையா? பிபிபிடியின் ஆப்ஷன்ஸ் கோப்பில் 'டீபக்' சேர்த்து, பதிவுகளை எழுதிவைக்கும் சிஸ்லாகில் டீமன், லோக்கல்2 என்ற இரண்டு பதிவு வகைகளையும் ஒரு கோப்புக்குத் திருப்பிவிடுங்கள்.

எனக்கு வந்தது 16-உம் 15-உம் கலந்து. அதில் 15 நானே வரவழைத்தது. அறுந்தால் சீக்கிரம் தெரிந்து மறுபடி இணையட்டும் என்று 'எல்சிபி-எக்கோ-இன்டர்வல்' 5, 'எல்சிபி-எக்கோ-ஃபெயிலியர்' 3 என்று வைத்திருந்தேன். அதாவது 15 விநாடி மௌனம் இருந்தால் வெட்டு. லைனில் இரைச்சல் கூடும்போது இரண்டு மோடங்களும் பேச்சை நிறுத்தி, ஒன்றையொன்று மறுபடி அளந்துகொள்ளும். இதுதான் ரீட்ரெய்ன். பத்து, பதினைந்து விநாடிகூடப் பிடிக்கும், அதுவரை ஒரு பைட் நகராது. கொஞ்சம் பொறுத்தால் தானாகப் பிழைத்திருக்கும் இணைப்பை என் அமைப்பே கொன்றுகொண்டிருந்தது. பெரிய கோப்பு இறங்கும்போது எக்கோ பதில் வரிசையில் பின்னால் சிக்கித் தாமதமானாலும் இதே கதிதான். 30-உம் 4-உம் போதும், அதைவிட இறுக்கிப் பிடிக்காதீர்கள். முழுதாக எடுத்துவிடவும் வேண்டாம், செத்த இணைப்பைப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க நேரும்.

16-க்கு வருவோம். முதலில் லைனைக் காதால் கேளுங்கள். சாதாரணக் கம்பித் தொலைபேசியை அதே சாக்கெட்டில் செருகி, ஒரே ஓர் இலக்கத்தை அழுத்தினால் டயல் டோன் நின்றுவிடும். அடுத்த சில விநாடிகளில் காதில் விழுவதுதான் உங்கள் லைனின் உண்மையான முகம். மெல்லிய 'ஸ்ஸ்' பரவாயில்லை. சடசடப்போ உறுமலோ கேட்டால் மென்பொருளைத் தொடாதீர்கள். அதே லைனில் இணையாகத் தொங்கும் மற்ற கருவிகளைக் கழற்றி, நீளமான வயருக்குப் பதில் குட்டையானதைப் போட்டு மறுபடி கேளுங்கள். மடிக்கணினியை ஒரு தடவை பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்ப்பதும் முக்கியம். மின் அடாப்டரின் இரைச்சல் மோடம் வரைக்கும் வந்துவிடுவதுண்டு.

அடுத்தது, அறுந்த பிறகு மோடத்திடமே கேட்பது. மோடத்தோடு நேரடியாகப் பேச உதவும் நிரலான மினிகாமை '-ஓ' போட்டுத் திறந்தால் அது தன் தொடக்கக் கட்டளைகளை அனுப்பாது. கோனெக்ஸன்ட் வகை மோடங்களில் 'ஏடி&வி1' கொடுத்தால் முந்தைய அழைப்பின் வேகம், லைன் தரம், எத்தனை ரீட்ரெய்ன், முடிந்த காரணம் எல்லாம் வரும். திரும்ப டயல் செய்தால் இந்தக் கணக்கு போய்விடும். அவசரப்பட வேண்டாம் என்று மேலே சொன்னது இதற்காகவும்தான்.

ரீட்ரெய்ன் எண்ணிக்கை ஏறியிருந்தால் வேகத்தை விட்டுக்கொடுங்கள். எனக்குப் பலித்த ஒரே பெரிய மருந்து இது. 46667 என்று கனெக்ட் ஆகும்போது மனதுக்கு நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த வேகத்தைத் தரும் வி.90 நூலிழையில் நிற்கிற முறை: தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் மின்னழுத்தப் படிகளை ஒன்றோடொன்று குழப்பாமல் பிரித்தறிந்தால்தான் அந்த வேகம் நிலைக்கும். சின்ன இரைச்சலும் அதைக் குலைத்துவிடும். அதற்கு முந்தைய முறையான வி.34-க்கு இறக்கினால் உச்சமே 33600 தான், கையில் கிடைப்பது 31200 போல இருக்கும், ஆனால் நிற்கும். மேலேற்றும் வேகம் வி.90-இலும் 33600-ஐத் தாண்டாது என்பதால் அந்தப் பக்கம் பெரிய நஷ்டம் இல்லை. 'ஏடி+எம்எஸ்=வி34' என்பது கோனெக்ஸன்ட் பாணி. எஸ்எல்மோடம்டி (வின்மோடத்தை ஓட்டும் நிரல், கீழே வரும்) வெறும் 34 என்று எதிர்பார்க்கும். 'ஏடி+எம்எஸ்=?' கேட்டு உங்கள் மோடம் எதை ஏற்கும் என்று உறுதிசெய்துகொண்டு, டபிள்யூவிடயல் கோப்பில் 'இனிட்3' வரியாகச் சேருங்கள்.

எஸ்10 என்ற மோடம் அமைப்பு அடுத்தது. கேரியர் (எதிர்முனை மோடத்தின் சிக்னல்) மறைந்தபின் லைனை விட எவ்வளவு காத்திருப்பது என்பதை விநாடியில் பத்தில் ஒரு பங்காகச் சொல்வது. வழக்கமாக 14, அதாவது 1.4 விநாடி. கால் வெயிட்டிங் பீப் ஒன்றே சில சமயம் அதைத் தாண்டப் போதும். 'எஸ்10=50' வைத்தேன். 255 வைக்கச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், பல மோடங்களில் அது கேரியரைக் கவனிப்பதையே நிறுத்திவிடும். கால் வெயிட்டிங்கை டயல் செய்யும்போதே அணைக்க முடிந்தால் அந்தக் குறியீட்டையும் ஒரு காற்புள்ளியையும் எண்ணுக்கு முன்னால் போடுங்கள். காற்புள்ளி இரண்டு விநாடி நிற்கும்.

மோடத்தோடு வந்த பழைய மடிக்கணினிகளுக்குள் இருப்பது பெரும்பாலும் வின்மோடம், அதாவது வேலையின் பெரும்பகுதியை மென்பொருளிடம் விட்டுவிடும் மோடம். எஸ்எல்மோடம்டி ஓடுகிறதென்றால் மோடத்தின் மூளை உங்கள் சிபியுதான். நேரத்துக்கு ஒலி மாதிரிகளைக் கொடுக்கவில்லையென்றால் எதிர்முனைக்கு அது லைன் கோளாறாகவே படும். ரூட்டாக ஓட்டுங்கள், அப்போதுதான் ரியல்-டைம் முன்னுரிமை கிடைக்கும். இணைப்பில் இருக்கும்வரை சிபியுவின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை 'பெர்ஃபார்மன்ஸ்' ஆக வையுங்கள். பழைய ஐடிஈ வட்டு என்றால் 'ஹெச்டிபார்ம் -டி' கொடுத்து டிஎம்ஏ (சிபியுவைத் தொல்லைசெய்யாமல் வட்டின் தரவை நகர்த்தும் முறை) இயங்குகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: எஸ்எல்மோடம்டி தருவது போலி டிடிஒய், அதாவது சீரியல் போர்ட் போல நடிக்கும் ஒன்று. அதில் கேரியரைச் சொல்லும் கம்பியே கிடையாது. அதனால்தான் டபிள்யூவிடயலில் 'கேரியர் செக் = நோ' போட வேண்டியிருக்கிறது. கேரியர் போனதும் 15 என்றே வெளிப்படலாம் என்பதால் இந்த வகை மோடத்தில் அந்த எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நிஜ சீரியல் மோடம் என்றால் '/ப்ராக்/டிடிஒய்/டிரைவர்/சீரியல்' கோப்பில் 'ஓஈ' எண் (நிரம்பி வழிந்து தரவு தொலைந்த தடவைகளின் கணக்கு) ஏறுகிறதா என்று மட்டும் பாருங்கள். ஏறினால் பிபிபிடிக்கான 'சிஆர்டிஎஸ்சிடிஎஸ்' (வன்பொருள் வழியே தரவு ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஆப்ஷன்) விட்டுப்போயிருக்கும்.

அறுபடாமலே அறுந்தது போல ஏமாற்றும் ஒன்றும் உண்டு. ஈதர்நெட்டுக்கான பழைய டிஃபால்ட் ரூட் (தரவு வெளியே போகும் இயல்பு வழி) அப்படியே கிடந்தால் பிபிபிடி அதன்மேல் கை வைக்காது. லாகில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். இணைப்பு இருக்கும், ஒரு பக்கமும் திறக்காது. டயல் செய்யுமுன் அந்த ரூட்டை நீக்கிவிடுங்கள்.

எல்லாம் நின்ற பிறகு 'டீபக்'கை எடுத்துவிடுங்கள். லாகை யாருக்காவது அனுப்புவதாக இருந்தால் முதலில் அதற்குள் கடவுச்சொல்லைத் தேடுங்கள். பிபிபிடி தானாக மறைத்துவிடும். ஆனால் டயல் ஸ்கிரிப்டை ஓட்டும் 'சாட் -வி' தான் அனுப்பிய ஒவ்வொரு சரத்தையும் அப்படியே எழுதி வைக்கும். ஸ்கிரிப்டில் கடவுச்சொல்லுக்கு முன்னால் '\க்யூ' போட்டிருந்தால் மட்டுமே அங்கே கேள்விக்குறிகள் நிற்கும்.