ஏறிய எட்டுக் கிலோவுக்குப் பிறகு

குறைத்த நிறை மறுபடி ஏறிவிட்டால், முன்பு செய்ததையே இன்னும் கடுமையாகச் செய்ய வேண்டும் என்றுதான் பெரும்பாலானோர் அறிவுரை கூறுகிறார்கள். என் அனுபவம் இதற்கு நேர்மாறானது. ஒருமுறை மெலிந்து மீண்டும் பருத்த உடலுக்குப் பசி கூடுதலாகவும் சக்திச் செலவு குறைவாகவும் இருப்பதால், அதைப் பழைய வழியிலேயே விரட்டுவது பயனற்றது. முதலில் ஏற்றத்தை நிறுத்தி, நிறையை ஓரிடத்தில் நிலைக்க வைத்து, அதன் பிறகே இறக்கத்தைத் தொடங்க வேண்டும். இதே நிலையில் இருப்பவர்களுக்கு, குறிப்பாக வீட்டில் நோயாளி ஒருவரைப் பராமரித்துக்கொண்டு தன் உடலைக் கவனிக்க நேரமின்றித் தவிக்கும் பெண்களுக்கு, நான் கடந்து வந்த வழி பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

என் உயரம் 158 சென்ரிமீற்றர். நிறை 78 கிலோவாக இருந்த காலத்தில் உயரத்துக்கு ஏற்ற நிறையா என்று காட்டும் என் உடற்திணிவுச் சுட்டி (BMI) 31ஐத் தாண்டியிருந்தது. ஆசிய மக்களைப் பொறுத்தவரை அது 23ஐக் கடந்தாலே நீரிழிவுக்கும் இதய நோய்க்குமான ஆபத்து கூடத் தொடங்குகிறது; 27.5க்கு மேல் ஆபத்து அதிகம். மட்டக்களப்பின் கல்லடியில் வசிப்பதால், பாடசாலை முடிந்து வந்து வெயில் தாழ்ந்த பின் பழைய பாலத்தில் வாவிக் காற்று வாங்கியபடி நடப்பதும், இரவுச் சோற்றைக் குறைப்பதுமாக மெல்ல மெல்ல 66 கிலோவுக்கு வந்தேன். அந்த நிலையில்தான் ஐப்பசி மாதத்தில் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது.

சத்திரசிகிச்சையும் அதன் பின்னான பராமரிப்பும் மாரிகாலம் முழுவதையும் எடுத்துக்கொண்டன. பெண்கள் வார்டில் அம்மாவின் கட்டிலருகே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி கழிந்த இரவுகளில் உறக்கம் என்பதே துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. பார்க்க வந்த உறவினர்கள் வெறுங்கையோடு வரவில்லை. வாழையிலையில் சுற்றிய பிட்டும் பொரித்த மீனும், தூக்குச்சட்டியில் பாலாணமும், பிளாஸ்க் நிறையப் பால் தேநீரும் கொண்டு வந்தார்கள். அந்த அன்பு இல்லாவிட்டால் அந்த நாட்களைக் கடந்திருக்கவே முடியாது என்பதை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். ஆயினும் உடல் தன் கணக்கை எழுதிக்கொண்டே இருந்தது. ஒரு கோப்பைக்கு இரண்டு தேக்கரண்டிச் சீனி என்றால் ஐந்து கோப்பைத் தேநீரில் ஏறத்தாழ 50 கிராம் சீனி சேர்ந்துவிடுகிறது. அது மட்டுமே 200 கலோரி. உறக்கம் குறையும்போது பசி கூடுவதும், இனிப்பையும் எண்ணெய்ப் பண்டத்தையும் மனம் தேடுவதும் உடலின் இயல்பு. வெளியே மழை நிற்கவில்லை, நடைப்பயிற்சியும் இல்லை. தைப்பொங்கலுக்கு அம்மா ஊன்றுகோலோடு வாசல்வரை வந்து நின்றபோது என் நிறை 74 கிலோவாகியிருந்தது.

பாடசாலையில் ஒரு சிநேகிதி, “என்னகா, முன்னம் நல்லா மெலிஞ்சிருந்தாய், பழையபடி வந்திட்டாயே?” என்று கேட்டாள். அவள் அன்பாகத்தான் கேட்டாள். ஆனாலும் உடம்பைப் பற்றிய இத்தகைய கேள்விகள் கேட்கப்படுபவரைத் தராசிலிருந்தும் வைத்தியரிடமிருந்தும் தள்ளியே வைக்கின்றன என்று நான் உறுதியாக நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் மாதக்கணக்கில் நிறை பார்ப்பதைத் தவிர்க்கிறார்கள், அதற்குள் இன்னும் சில கிலோ ஏறிவிடுகிறது.

35 வயதைக் கடந்தவர்களுக்கு அரச வைத்தியசாலைகளில் இயங்கும் ஆரோக்கிய வாழ்வு நிலையங்களில் நிறை, இடுப்புச் சுற்றளவு, இரத்த அழுத்தம், இரத்தச் சீனி ஆகியவற்றைக் கட்டணமின்றிப் பார்க்கிறார்கள். மாசி மாதத்தில் அங்கே போனேன். வெறுவயிற்றுச் சீனி 118 என்று வந்தது. 100 முதல் 125 வரை நீரிழிவுக்கு முந்திய நிலை. என் தாய்வழியில் சீனி வருத்தம் இல்லாதவர்கள் குறைவு என்பதால் அந்த எண் என்னை உலுக்கியது. வைத்தியர் சொன்ன விளக்கம்தான் எனக்குத் தெம்பைத் தந்தது. நிறை குறையும்போது, வயிறு நிறைந்த உணர்வைத் தாங்கிப் பிடிக்கும் லெப்ரின் என்ற ஓமோன் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. மெல்போர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், நிறை குறைத்து ஓராண்டு கடந்த பின்னும் இந்த ஓமோன்கள் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று கண்டார்கள். ஆகவே மீண்டும் பசிப்பது மனவுறுதிக் குறைவு அல்ல என்றார் அவர். இதை ஒவ்வொரு கிளினிக்கிலும் முதல் வார்த்தையாகச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

அவர் 66ஐ இலக்காகத் தரவில்லை. முதல் மாதம் 74ஐத் தாண்டாமல் நிற்பதுதான் வேலை. பிறகு உடல் நிறையில் 5 சதவீதம், அதாவது 3.7 கிலோ குறைந்தாலே இரத்தச் சீனியிலும் அழுத்தத்திலும் நல்ல மாற்றம் தெரியும் என்றார். இன்னொன்றையும் எச்சரித்தார். மாச்சத்துக் குறையும் தொடக்க நாட்களில் உடலில் சேமிப்பாக இருக்கும் கிளைக்கோஜன் கரையும். அதன் ஒவ்வொரு கிராமோடும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரும் வெளியேறும். அதனால் முதல் வாரத்தில் இறங்கும் நிறையில் பெரும்பகுதி கொழுப்பாக இருக்காது. கலியாண வீட்டுச் சாப்பாட்டுக்கு மறுநாள் திடீரென ஏறுவதும் அப்படியே. இதைத் தெரிந்துகொண்ட பிறகு தராசின் எண் என்னை ஆட்டிப்படைக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில், சாப்பிடும் முன், ஒரே தராசில் மட்டும் நிறை பார்க்கிறேன். தனி ஒரு வாரத்தை விட்டுவிட்டு மாதத்தின் போக்கையே கணக்கில் எடுக்கிறேன்.

அந்த முதல் மாதத்தில் நான் மாற்றியது தேநீரை மட்டும்தான். சீனியைப் படிப்படியாகக் குறைத்துச் சாயத் தேநீரோடு ஒரு சிறு கடி பனங்கட்டிக்கு வந்தேன். பிறகு பனங்கட்டியும் ஒரு நேரத்துக்கு மட்டும் என்றானது. சோற்றில் கைவைக்கவில்லை. பராமரிப்பு வேலைக்கு நடுவே எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முற்படுபவர் மூன்றாம் நாளே களைத்துப் போவார்.

அடுத்த மாதத்தில் தட்டின் ஒழுங்கை மாற்றினேன். எங்கள் பக்கத்தில் சோற்றைக் குவித்து அதன் ஓரத்தில் கறி வைப்பதுதான் வழக்கம். நான் தட்டின் பாதியை முதலில் முருங்கையிலைச் சுண்டல், வல்லாரைச் சம்பல், கத்தரிக்காய், பயற்றங்காய் என்று நிரப்பிவிட்டு, கால் பங்கில் மீனோ பருப்போ வைத்து, மீதியில் சிவப்பரிசிச் சோறு போட்டுக்கொள்கிறேன். சோற்றை முதலில் போட்டுவிட்டால் மற்றவற்றுக்கு இடம் இருக்காது என்பதால் வரிசை முக்கியம். வாவி மீன் மலிவாகக் கிடைக்கும் ஊரில் புரதத்துக்குக் குறைவில்லை. திரளியைப் பொரிக்காமல் புளி விட்டுக் காய்ச்சினால் அம்மாவும் விரும்பிச் சாப்பிடுகிறார். இரவில் குரக்கன் பிட்டு, ஆனால் அளவாக. குரக்கன் என்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது, அதுவும் மாச்சத்துத்தான்.

தசையைப் பற்றி முதல்முறை எனக்கு எவரும் சொல்லவில்லை. வேகமாக மெலியும்போது கொழுப்போடு தசையும் கரைகிறது. மீண்டும் ஏறும்போது பெரும்பாலும் கொழுப்பே ஏறுகிறது, அதனால் உடலின் அன்றாடச் சக்திச் செலவு குறைந்துபோகிறது. உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடற்பயிற்சியோடு, இரண்டு நாட்களாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சியும் வேண்டும் என்கிறது. அம்மாவுக்கு இயன்மருத்துவர் கற்பித்த, கதிரையிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியையே நானும் அவர் பக்கத்தில் இருந்து செய்யத் தொடங்கினேன். அவர் ஐந்து முறை எழுந்தால் நான் பதினைந்து முறை. சுவரில் கைவைத்துத் தள்ளுவதும், தண்ணீர் வாளிகளை இரு கையிலும் தூக்கி விறாந்தையில் நடப்பதும் பின்னர் சேர்ந்தன. நோயாளியின் பயிற்சியோடு தன் பயிற்சியையும் இணைத்துக்கொள்வது, நேரமில்லாதவர்களுக்கு நான் கண்ட மிகச் சிறந்த வழி.

கந்தசஷ்டி விரதம் பிடித்தால் ஒரேயடியாக இறங்கிவிடும் என்று சொன்னவர்களும் உண்டு. விரதத்தை நான் முருகனுக்காகப் பிடிக்கிறேன். நிறைக்காகப் பிடிப்பதை என் மனம் ஏற்கவில்லை. பட்டினிக்குப் பின் வரும் பாரணையில் உடல் இரட்டிப்பாகக் கேட்கும் என்பதும் தெரிந்ததே. சித்திரைப் புத்தாண்டுக்கு மாமி வீட்டில் கொக்கிசும் பயற்றம் உருண்டையும் வைத்தார்கள். அவரது மனம் நோகாமல் ஒவ்வொன்று எடுத்து, அமர்ந்து, ருசித்துச் சாப்பிட்டேன்.

இப்போது என் நிறை 70 கிலோ, வெறுவயிற்றுச் சீனி 104. அதை 100க்குக் கீழே கொண்டுவருவதுதான் அடுத்த வேலை. மாரி தொடங்கினால் பாலத்து நடை நின்றுவிடும் என்பதால், மழை நாட்களுக்கு விறாந்தை நடையையும் வாளிப் பயிற்சியையும் வைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவுக்கு மீண்டும் ஏதும் நேர்ந்தால் இரவுக் காவலை மாறி மாறிப் பார்ப்பது என்று தங்கச்சியோடு பேசி முடித்தாயிற்று. நிறை 72ஐத் தொட்டால் அந்த வாரமே கிளினிக்குக்கு வரும்படி வைத்தியர் சொல்லியிருக்கிறார். அந்த எண்ணை நிறைக் கொப்பியின் முன்னட்டையில் சிவப்பில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.