இரவு தங்க வேண்டாம், மதியம் சாப்பிட்டுப் போகட்டும்

முல்லைத்தீவில் சமுதாய அபிவிருத்திப் பணியில் இருந்துகொண்டே சுற்றுலாத்துறையில் முதுமாணிப் படிப்பை முடித்தேன். வார இறுதியில் வகுப்பு, மற்ற நாள்களில் கிராமம். படித்ததை உடனுக்குடன் ஊரில் உரைத்துப் பார்க்கக் கிடைத்தது என் பேறு.

வன்னிக்குச் சுற்றுலாப் பயணிகள் புதியவர்கள் அல்லர். 2009இல் போர் முடிந்தபின் ஏ9 வீதி வழியே பஸ் பஸ்ஸாக வந்தார்கள். கிளிநொச்சியில் சரிந்து கிடந்த தண்ணீர்த் தாங்கியைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டு போனார்கள். ஊருக்குள் காசு தங்காததைப் பாடத்தில் வருமானக் கசிவு என்பார்கள். அதைவிட என்னை வருத்துவது வேறொன்று. எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று இங்கே வாழ்கிறவர்களை யார் கேட்டார்கள்?

ஆய்வுக்காக நந்திக்கடல் களப்பை அண்டிய ஒரு கிராமத்தின் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தோடு பேசினேன். ஊர் மக்களே நடத்தும் சமுதாயச் சுற்றுலா என்றதும் பாடநூல்கள் முதலில் சொல்வது, விருந்தினரை வீட்டில் தங்கவைப்பதைத்தான். பெண்கள் பொறுமையாகக் கேட்டார்கள். பிறகு ஓர் அக்கா எழுந்தார்.

"பிள்ளை, வீட்டுத்திட்ட வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் நானும் மகளும், மற்றதில் மாமி. வருகிறவர் எங்கே படுப்பார்? ஆண் துணையில்லாத வீட்டில் அந்நியர் இரவு தங்கினால் ஊர் சும்மா இருக்குமா?"

மறுத்ததோடு அவர்கள் நிற்கவில்லை. மதியச் சாப்பாடு கொடுப்போம் என்றார்கள். களப்பு இறால் குழம்பு, முருங்கையிலை வறை, தயிர். முறைவைத்துச் சமைப்பது, காசைச் சங்கக் கணக்கில் போடுவது, ஐந்து மணிக்குள் பஸ் புறப்பட்டுவிட வேண்டும் என்பது, எல்லாம் அங்கேயே முடிவாயின. கடைசியாக, அதுவரை வாய் திறக்காத ஓர் அம்மா சொன்னார்: "முள்ளிவாய்க்கால் பக்கம் கமராவோடு கூட்டிப் போகாதீர்கள். அது நாங்கள் விளக்கேற்றும் இடம்."

மக்கள் பங்கேற்பை 8 படிகள் கொண்ட ஏணியாக 1969இல் வகுத்துக் காட்டினார் அமெரிக்க ஆய்வாளர் ஷெரி ஆர்ன்ஸ்டைன். அடிப்படியில், அதிகாரத்தில் இருப்பவர்கள் மக்களைத் தம் விருப்பத்துக்கு வளைப்பது. உச்சியில் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கையில். கூட்டம் கூட்டி, தேநீர் கொடுத்து, வரவுப் பதிவில் கையெழுத்து வாங்குவதோடு நின்றுவிடும் திட்டங்கள் பாதி ஏணியைக்கூடத் தாண்டுவதில்லை. "வேண்டாம்" என்று சொல்லவும் அந்தச் சொல் செல்லவும் இடமிருந்தால்தான் அது பங்கேற்பு என்பது என் உறுதியான எண்ணம்.

விருந்தோம்பல் பயிற்சி கொடுங்கள் என்று சிலர் ஆலோசனை சொல்கிறார்கள். வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலுக்கு, கடல்நீரில் விளக்கெரியும் அந்தத் திருவிழாவுக்கு, திரளும் பெருங்கூட்டத்துக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டு அன்னமிடும் ஊர்கள் இவை. இவர்களுக்கு வேண்டியது கணக்கு எழுதப் பழகுவதும், சுற்றுலா முகவர்களோடு விலை பேசும் துணிவும்தான்.

ஆய்வேட்டின் பரிந்துரைகளில் அந்தப் பெண்களின் நிபந்தனைகளையே முதலில் வைத்தேன். சங்கம் இப்போது கேட்பது சமையற்கொட்டிலுக்கு ஒரு கூரை, வருகிறவர்களுக்கு ஒரு கழிப்பறை. பிரதேச செயலகத்துக்கான கடிதத்தை அவர்களோடு உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன்.